தவணை தொடங்கும் காலையில் வரும் வயிற்றுவலி: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறை முடிய இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போதே பல வீடுகளில் அறிகுறிகள் தெரியத் தொடங்கிவிடும். வழமையாக ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளை சோற்றை அளைந்துகொண்டிருக்கும். ஒன்றுமில்லாத விடயத்துக்குத் தம்பியோடு சண்டை பிடிக்கும். சப்பாத்து கடிக்கிறது, புத்தகப்பையின் வார் அறுந்துவிட்டது என்று புதிது புதிதாகக் குறை சொல்லும். பாடசாலை தொடங்கும் நாள் விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடக்கும். இதற்குப் பெரியவர்களிடம் பொதுவாக இரண்டு மறுமொழிகள்தான் உண்டு. ஒன்று, "கள்ளம் போடாம எழும்பு" என்ற அதட்டல். மற்றது, "பாவம், இண்டைக்கு நிக்கட்டும்" என்ற இரக்கம். அதட்டல் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. இரக்கமோ அடுத்த நாளை இன்னும் கடினமாக்கிவிடுகிறது. இங்கே சொல்லப்போவது வேறொரு வழி. பிள்ளையின் அச்சம் பாடசாலைக்குள்ளோ, அங்கு போகும் வழியிலோ, ஏதோ ஓர் இடத்தையோ ஒரு பொழுதையோ ஓர் ஆளையோ பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தேடிப் பிடித்து, அதை முதலில் சரிசெய்வதே அந்த வழி.

முதலில் வயிற்றுவலியைப் பற்றி. அது நடிப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். பயப்படும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இரத்தம் குடற்பக்கத்திலிருந்து கைகால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. சமிபாடு தடைப்பட்டு, குமட்டலும் வலியும் உண்மையாகவே ஏற்படுகின்றன. ஆனால் அச்சத்தினால் வரும் வலிக்கு ஓர் ஒழுங்கு இருக்கும்: பாடசாலை நாட்களின் காலையில் வரும், "சரி, நில்" என்று சொன்ன சிறிது நேரத்தில் குறைந்துவிடும், சனி ஞாயிறுகளில் எட்டிப் பாராது. காய்ச்சல், தொடர்ந்த வாந்தி, நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, உடல் மெலிவு ஆகியவற்றில் எதுவும் இருந்தால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய விடயம். குறிப்பாக மாரி மழைக்குப் பிந்திய மாதங்களில் நம்முடைய மாவட்டங்களில் டெங்கு பரவுவதால், காய்ச்சலைப் "பள்ளிக்கூடக் காய்ச்சல்" என்று சிரித்துத் தள்ளக் கூடாது.

வீட்டில் நிற்க விடுவது ஏன் உதவாது? பிள்ளை நின்றவுடன் பயம் இறங்கிவிடுகிறது, அந்த நிம்மதியே ஒரு பரிசாக அமைந்துவிடுகிறது. மறுநாள் மனம் அதே பரிசைக் கேட்கும். இதற்கிடையில் ஒரு நாள் பாடம் தவறியிருக்கும், "ஏன் நேத்து வரல்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய புதுச் சங்கடமும் சேர்ந்திருக்கும். மூன்று நாட்கள் நின்ற பிள்ளையை அனுப்புவது முதல் நாளில் அனுப்புவதைவிட எவ்வளவு கடினம் என்பது அந்த நிலையைச் சந்தித்த தாய்மாருக்குத் தெரியும்.

எதற்குப் பயம் என்று எப்படிக் கேட்பது

எதிரில் இருத்தி வைத்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்ற பதில்தான் வரும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தன் பயத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும், ஆனால் சொல்ல விருப்பமிராது. கைகள் வேறு வேலையில் இருக்கும்போதே பேச்சு வரும். புதிய கொப்பிகளுக்கு உறை போடும் மாலைப்பொழுது இதற்கு மிகவும் பொருத்தமானது. மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்திக்கொண்டு கடைக்குப் போகும் வழியும் அப்படித்தான், ஏனென்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வியும் பொதுவானதாக இருக்கக் கூடாது. ஒரு பாடசாலை நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: எழும்புவது, வெளிக்கிடுவது, பஸ்ஸில் ஏறுவது, கேற்றில் நுழைவது, காலைக் கூட்டம், வகுப்பில் இருக்கும் வாங்கு, ஒவ்வொரு பாடமும், இடைவேளை, மலசலகூடம், வீடு திரும்புவது. "எது வரக்குள்ள மனே மனசு கஸ்டமா இரிக்கி?" என்று கேட்டுவிட்டு, காத்திருங்கள். ஒரு துண்டுக்கு வரும்போது பிள்ளையின் கை நிற்கும், அல்லது அவசரமாக அடுத்ததற்குத் தாவும். தேடியது அங்கேதான் இருக்கிறது.

வெளிவரும் பதில்கள் பெரும்பாலும் பெரியவர்கள் எதிர்பார்த்தவையாக இருப்பதில்லை. நாம் கணிதப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிள்ளை மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை என்று சொல்லும். தண்ணீர் வராத, கதவு பூட்டாத மலசலகூடத்துக்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் பலர். விடுமுறையில் செய்யச் சொன்ன ஒப்படையில் பாதியும் முடியவில்லை என்பது இன்னொரு காரணம். வசதிக் கட்டணம் கட்டவில்லை, வகுப்பில் எழுப்பிக் கேட்பார்கள் என்பது வேறொன்று. போன தவணையில் ஒரே வாங்கில் இருந்த தோழி விடுமுறையில் கதையை நிறுத்திவிட்டாள் என்பதும் பதின்ம வயதில் சாதாரணக் காரணமல்ல. அந்த வயதில் அதுவே உலகம்.

காரணம் கிடைத்ததும் அறிவுரை சொல்லத் தோன்றும். அதை அடக்கிக்கொண்டு, சிறிய வேலையாகச் செய்யக் கூடியது என்ன என்று பாருங்கள். ஒப்படை முடியாவிட்டால், கடைசி இரவில் முழுவதையும் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியைப் பிள்ளையே ஒழுங்காகச் செய்யட்டும், மீதி எப்போது முடியும் என்று வகுப்பாசிரியருக்கு இரண்டு வரிக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். கட்டணம்தான் காரணமென்றால் அதிபரை முற்கூட்டியே சந்தித்து, பிள்ளையிடம் கேட்காமல் தங்களிடம் கேட்குமாறு சொல்லுங்கள். கொண்டி இல்லாத கதவுக்கு ஒரு தோழியை வெளியே நிற்கச் செய்வது அன்றைய வழி. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு கொண்டி போடச் சொல்வது நிலையான வழி. அந்தக் கூட்டங்களில் கட்டடத் திறப்பு விழாக்களுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் கால்வாசியாவது மலசலகூடங்களுக்கு ஒதுக்கப்பட்டால் பல வயிற்றுவலிகள் மருந்தின்றியே மாறிவிடும்.

பயமா, ஆபத்தா

கண்டுபிடித்ததை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில விடயங்கள் பழகப் பழகக் குறையும் பயங்கள்; புதிய வகுப்பறை, கூட்டத்தில் பேசுவது, கடினமான பாடம் ஆகியவை அப்படி. வேறு சில உண்மையான ஆபத்துக்கள், அவற்றுக்குப் பிள்ளையைப் பழக்கக் கூடாது. போரதீவுப்பற்று, கிரான் போன்ற பகுதிகளில் காட்டு யானை நடமாடும் வீதியில் இருட்டோடு ரியூசனுக்குப் போகும் பிள்ளையிடம் "தைரியமா போ" என்பது அறிவுரையே அல்ல. நேரத்தை மாற்றுவதும், நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவரோடு அனுப்புவதும் பெற்றோரின் பொறுப்பு. பிரம்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை கூறுகிறது. "நாங்களும் அடி வாங்கித்தானே படிச்சோம்" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் செல்வாக்குடன் இருப்பதால்தான் பல பிள்ளைகள் அடியைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை. ஓர் ஆளின் பெயரைக் கேட்டதும் பிள்ளை உறைந்து போனாலோ, உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் இருந்தாலோ, யாரோ தகாத முறையில் தொட்டார் என்று சொன்னாலோ, அந்த ஆள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையை மீண்டும் அனுப்பாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம்.

சிறியவர்களும், தரம் ஆறுக்குப் போகிறவர்களும்

தரம் ஒன்றுப் பிள்ளைக்கு வேண்டியது நீண்ட விளக்கமல்ல, குறுகிய விடைபெறல். கேற்றில் நின்று மூன்று தடவை திரும்பி வந்து கொஞ்சினால், போகாமல் இருக்க வழி இருக்கிறது என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். அது விளையாடும் சமயம் பார்த்து ஒளித்து ஓடிவிடுவதோ அதைவிட மோசம். பிறகு அம்மா கண்ணில் படாத ஒவ்வொரு நிமிடமும் அதற்குச் சந்தேகமாகிவிடும். "மணி அடிச்சதும் அந்த வேப்ப மரத்துக்குக் கீழ நிப்பன்" என்று இடத்தைச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் மணிக்கு முன்பே நில்லுங்கள்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேற்றுக்குப் பிறகு நகரப் பாடசாலைக்கு மாறும் பிள்ளையின் நிலை வேறு. ஊர்ப் பாடசாலையில் முதலாவதாக வந்த பிள்ளை, முதலாவதாக வந்தவர்கள் மட்டுமே நிறைந்த வகுப்பில் போய் அமர்கிறது. முதல் தவணையில் இருபதாம் இடம் வந்தால் தனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறது. இது நடக்கும் என்பதை ஜனவரிக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், நடந்த பிறகு சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டாமல் பழைய பாடசாலையிலேயே தொடரும் பிள்ளையையும் மறக்க வேண்டாம். அதன் தோழர்கள் போன வெறுமையோடு, உறவினர் ஒவ்வொருவரும் "எத்தின புள்ளி மனே?" என்று கேட்கும் கேள்வியையும் அது சுமந்துகொண்டு திரும்புகிறது. புள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று மாமா மாமிமாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல.

பயணமும் ஒரு பெரும் பாரம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஒரு பகுதிக்குப் போக்குவரத்து இலகுவானது. ஆயினும் மண்டூர்–குருமண்வெளி போன்ற துறைகளில் படகுப் பாதையை நம்பிப் பழகிய குடும்பங்களுக்கு, காற்றும் மழையும் கூடிய நாளில் வாவியைக் கடப்பது எப்படி என்ற கேள்வி புதிதல்ல. விடுமுறையின் கடைசி வாரத்தில், பாடசாலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே பஸ்ஸில் அல்லது படகுப் பாதையில், பிள்ளையோடு ஒரு தடவை போய் வாருங்கள். பஸ் வராவிட்டால் எங்கே காத்திருப்பது, யாருக்கு அழைப்பது, எந்தக் கடைக்காரரிடம் தொலைபேசி கேட்கலாம் என்பவற்றை அங்கேயே நின்று பேசித் தீர்மானியுங்கள். வீட்டில் இருந்து சொல்லும் போது இவை பிள்ளையின் மனதில் நிற்பதில்லை.

பெரியபிள்ளையான பிறகு திரும்பும் மகள்

இதை யாரும் பாடசாலைப் பயத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை, ஆனால் நம்முடைய பகுதியில் இது தனியாகப் பேச வேண்டிய ஒன்று. பூப்படைந்த பெண்பிள்ளையைச் சடங்கு முடியும் வரை வீட்டில் வைத்திருக்கிறோம். நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காகக் காத்திருந்து, சில வீடுகளில் வாரக் கணக்கில் பாடம் தவறிவிடுகிறது. சந்தியில் படத்தோடு பதாகை தொங்குகிறது. படங்கள் முகநூலில் ஏறுகின்றன. வகுப்பில் உள்ள ஆண்பிள்ளைகளின் கைபேசிகளுக்கும் போய்ச் சேருகின்றன. பிறகு அந்தப் பிள்ளையைச் சீருடை அணிவித்து அனுப்பி, "வெக்கப்படாம போ" என்கிறோம். சடங்கு செய்வதும் செய்யாததும் அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம். ஆனால் பதாகையும் முகநூல் படமும் பிள்ளையிடம் கேட்டுச் செய்யப்பட வேண்டியவை என்பதிலும், சடங்கு நாள் தள்ளிப் போனால் பாடசாலையையும் அதனோடு தள்ளக் கூடாது என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

திரும்புவதற்குச் சில நாட்கள் முன்பே அவளுக்கு நெருக்கமான ஒரு தோழியை வீட்டுக்கு அழையுங்கள். கொப்பிகளைப் பார்த்து எழுதுவது அதற்கான சாட்டு. வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று அவள் தெரிந்துகொள்வதே உண்மையான பயன். தாய் ஓர் ஆசிரியையிடம் மட்டும் தனியாகச் சொல்லி, பாட நடுவில் வெளியே போகக் காரணம் கேட்காமல் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். புத்தகப்பையின் உட்பையில் மாற்று அணையாடை, ஒரு சிறிய பொலித்தீன் பை, மாற்று உள்ளாடை ஆகியவற்றை வைத்து, எந்த மலசலகூடத்தில் தண்ணீர் வரும், பாவித்ததை எங்கே போடுவது என்பதையும் பேசிவிடுங்கள். இவற்றில் ஒன்று தெரியாமல் போனாலும் அவள் மாதத்தில் மூன்று நாள் நின்றுவிடுவாள், காரணம் வயிற்றுவலி என்றே சொல்வாள்.

பதின்ம வயதினரின் நித்திரையும், அவர்கள் சொல்லாத கேள்வியும்

பூப்பு வயதுக்குப் பிறகு நித்திரையைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே பதினாறு வயது மகன் பத்து மணிக்கு நித்திரை வரவில்லை என்று சொன்னால் அது முழுக்கக் கைபேசியின் குற்றமல்ல. அந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் வரை நித்திரை தேவை. பாடசாலையோ காலை 7.30 க்குத் தொடங்குகிறது; தூரத்திலிருந்து வருபவர் ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும். விடுமுறை முழுவதும் நள்ளிரவு தாண்டி விழித்திருந்தவரை ஒரே இரவில் திருப்ப முடியாது. பத்து நாட்களுக்கு முன்பிருந்தே இரண்டு நாளுக்கு ஒரு தடவை, எழும்பும் நேரத்தை இருபது நிமிடமளவில் முன்னே கொண்டு வாருங்கள். படுக்கும் நேரத்தோடு போராட வேண்டாம். எழும்பும் நேரம் மாறினால் அது தானாகப் பின்தொடரும். எழும்பியதும் முற்றத்து வெயிலில் சிறிது நேரம் நிற்கட்டும். கைபேசி இரவில் வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும். இந்த விதி தகப்பனுக்கும் பொருந்தினால்தான் வீட்டில் செல்லும்.

இன்னொரு கூட்டத்தினர் இருக்கிறார்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலுக்கோ, கரைவலைக்கோ, அண்ணனின் கடைக்கோ போய்ச் சம்பளம் கையில் வாங்கிய பையன், மீண்டும் காற்சட்டை நீளத்துக்கும் தலைமுடிக்கும் பேச்சு வாங்கும் மாணவனாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவனுடைய உள்ளத்தில் இருப்பது பயமல்ல, "இது எதுக்கு?" என்ற கேள்வி. "படிச்சாத்தான் மனிசனாகலாம்" என்ற வாக்கியம் அவன் காதில் ஏறாது, ஏனென்றால் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களை அவன் ஊரிலேயே கண்டிருக்கிறான். இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதைச் சொல்லலாம். ஆனால் சட்டத்தால் மட்டும் அவன் வாங்கில் அமர மாட்டான். அவன் உழைத்ததை வீட்டில் மதித்துப் பேசுங்கள், அவன் செய்ய விரும்பும் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்று அதற்குச் சாதாரண தரத்தில் எவை தேவை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். தகப்பன் சொல்வதைவிட மோட்டார் திருத்துநர் ஒருவர் சொல்வது அவனுக்குக் கேட்கும்.

அம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள்

விடுமுறையோடு வந்து, விடுமுறையோடு திரும்பிச் செல்லும் தாயைப் பிரிந்த பிள்ளைக்கு, பாடசாலை தொடங்கும் நாளும் அம்மா போன நாளும் ஒன்றாகவே மனதில் பதிந்துவிடுகின்றன. இங்கே பேசும் பொறுப்பு அம்மம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ உரியதாகிறது. காலையில் அம்மாவோடு பேசவைத்து அனுப்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம்முடைய காலை 6.30 குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் அதிகாலை 4.00 மணி, அம்மா நித்திரையில் இருப்பார், அழைப்பு எடுபடாது, பிள்ளை அழுதுகொண்டே வெளிக்கிடும். அதைவிட, அம்மா முதல் நாள் இரவே வட்ஸ்அப்பில் ஒரு குரற்செய்தி அனுப்பி வைக்கட்டும். நேரடிப் பேச்சை மாலையில் ஒரு நிலையான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் நடந்ததைச் சொல்ல ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பதே பிள்ளையைப் பகல் முழுவதும் தாங்கும். வகுப்பாசிரியரிடம் இப்போது பொறுப்பாளர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கல்முனை, காரைதீவு, சாய்ந்தமருது போன்ற இடங்களில் இன்னொரு சிறு சிக்கல் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் கால விடுமுறை தனியாக வருவதால், அடுத்த தெருப் பிள்ளைகள் விளையாடும்போது இந்தத் தெருப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேண்டியிருக்கும், பிறகு அது மாறி வரும். இரண்டு நாட்காட்டிகளையும் பிள்ளைக்குக் காட்டிவிட்டால் போதும்.

அந்தக் காலை

சீருடை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், பஸ்ஸுக்குக் காசு எல்லாம் முதல் நாள் மாலையிலேயே ஓரிடத்தில் இருக்கட்டும். இரவில் பாடசாலையைப் பற்றிப் புதிய பேச்சு எதையும் தொடங்க வேண்டாம். காலையில் முழுச் சாப்பாட்டுக்கு வற்புறுத்தாமல், இரண்டு இடியப்பமோ ஒரு வாழைப்பழமோ இறங்கினால் போதும் என்று விட்டுவிடுங்கள். "பயப்படாதே" என்ற சொல் உதவாது. "வயிறு வலிக்கிது எண்டு எனக்குத் தெரியும், எழும்பு, முதல் ரெண்டு பாடத்த மட்டும் பாப்பம்" என்பது உதவும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடச் சொல்லி, நீங்களும் கூடச் செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுப் படபடப்பு இறங்கும். கேற்றில் பிள்ளையை ஒரு தோழரிடமோ ஆசிரியரிடமோ ஒப்படைத்துவிட்டுத் திரும்புங்கள்.

நோய், வெள்ளம், குடும்பத்தில் ஒரு மரணம் ஆகிய காரணங்களால் பல வாரங்கள் நின்ற பிள்ளைக்கு இது போதாது. அதிபரோடு பேசி, முதல் நாள் இடைவேளை வரை, அடுத்த சில நாட்கள் இன்னும் சிறிது நேரம் என்று படிப்படியாகக் கூட்டலாம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது பாடசாலைகள் விடுமுறையில் இருந்தன. ஜனவரியில் திரும்பிய பிள்ளைகள் வெறுமையான வாங்குகளைக் கண்டார்கள். அன்று பிள்ளைகளாக இருந்த பலர் இன்று பெற்றோர். இழப்புக்குப் பின் திரும்பும் பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்கக் கூடாது என்பதும், வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அனுதாபம் தெரிவிக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர்களுக்கு விளக்க வேண்டியவையல்ல.

இரண்டு வாரம் கடந்தும் காலைகள் மாறவில்லை, நித்திரையும் சாப்பாடும் குறைந்துகொண்டே போகின்றன, விருப்பமான விளையாட்டிலும் நாட்டமில்லை என்றால், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். "இருந்து என்ன பயன்" என்ற பொருளில் பிள்ளை ஏதாவது சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஊரார் காண்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் அடுத்த ஊர் வைத்தியசாலைக்குப் போவதில் பிழையில்லை.

முதல் வாரம் முடியும் வெள்ளிக்கிழமை மாலை, முன்பு கண்டுபிடித்த அந்த ஒரு விடயத்தைப் பற்றி மட்டும் மீண்டும் கேளுங்கள்: கொண்டி போட்டார்களா, அந்தத் தோழி கதைத்தாளா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா. சரிவராதிருந்தால் வேறொரு வழியைச் சனிக்கிழமையே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதுப் புத்தகங்களின் ஆர்வம் தீர்ந்துவிட்ட இரண்டாவது திங்கட்கிழமைதான் பல பிள்ளைகளுக்கு முதலாவதைவிடக் கடினமானது.